முகம் பார்க்காத செல்கள்

வேஷக் காய்ச்சல் மூன்றாவது வருஷமாகத் திருநெல்வேலிக்குள் நுழைந்தபோது, ஊரிலேயே அதற்கு அதிகமாகப் பயந்திருக்க வேண்டியவள் எப்சிபா. பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, தாமிரபரணி அணைக்கட்டுகளின் மதகுகளைத் திரையில் பார்த்து ஏற்றி இறக்குவது அவள் வேலை. ஆற்றில் எந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அவளைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். தன் ரத்தத்துக்குள் என்ன போகிறது என்பதுதான் கல்லூரிக் காலம்வரை அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

சின்ன வயதிலிருந்தே காதில் சீழ், நெஞ்சில் சளி, நிமோனியா. ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று வந்து படுக்கையில் தள்ளும். எத்தனையோ டாக்டர்களைப் பார்த்துவிட்டு, கடைசியில் பாளையங்கோட்டையில் நோயெதிர்ப்பு ஆய்வு மையம் ஒன்றை நடத்திவந்த டாக்டர் உமையாளிடம் வந்து சேர்ந்தாள். காரைக்குடிக்காரர். நோயாளியிடம் எதையும் மறைக்கத் தெரியாதவர்.

"ரத்தத்துல பி செல்னு ஒரு வகை இருக்கு. கோடிக்கணக்குல. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கிருமியை அடையாளம் காணப் பிறந்தது" என்றார் உமையாள். "தனக்கான கிருமியைப் பார்த்ததும் அது முழிச்சுக்கும், பெருகும், அப்புறம் உருமாறி ஆன்டிபாடிங்கிற எதிர்ப்பொருளைக் கொட்டும். அந்த முகத்தை ஆயுசுக்கும் மறக்காது. உங்களுக்கு பி செல் இல்லாம இல்ல. எண்ணிக்கை சரியாவே இருக்கு. கிருமியைப் பார்க்குது, முழிக்குது. ஆனா கடைசிப் படியில நின்னுடுது. கொட்டவும் மாட்டேங்குது, ஞாபகம் வச்சுக்கவும் மாட்டேங்குது."

அப்போது சிவில் படித்துக்கொண்டிருந்த எப்சிபா கொஞ்சம் யோசித்தாள். "அப்பம் தண்ணியெல்லாம் இருக்கு. மதகுதான் தொறக்கல."

"அதேதான்" என்று சிரித்தார் உமையாள்.

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை கையில் ஊசி குத்தி ஒரு பை மருந்தை ஏற்றிக்கொள்வது அவள் வாழ்க்கையாகிவிட்டது. அந்தப் பைக்குள் இருந்தது ஆயிரக்கணக்கான பேர் தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள்கள். யாரோ ஒருவர் அம்மைக்கு எதிராகச் சம்பாதித்தது, இன்னொருவர் நிமோனியாவில் படுத்து எழுந்து சேர்த்தது, எல்லாம் அவளுக்குள் இறங்கிச் சில வாரம் காவல் காத்துவிட்டுக் கரைந்துபோகும். பிறகு அடுத்த பை. இப்படித்தான் அவள் வேலைக்குப் போனாள், பேக்கரி நடத்தும் செல்வினைக் கல்யாணம் செய்துகொண்டாள், முப்பத்தைந்து வயதையும் தொட்டாள்.

வேஷக் காய்ச்சலுக்கு மட்டும் அந்தப் பையில் ஒன்றும் இல்லை. யாரிடமும் இல்லாதது பையில் எப்படி வரும்? முதல் வருஷம் வந்து பிழைத்தவர்கள் இரண்டாம் வருஷம் மறுபடி விழுந்தார்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். மூன்றாம் வருஷம், ஐப்பசி மழை தொடங்கிய அதே வாரத்தில் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் பாய் விரிக்க ஆரம்பித்தார்கள். உடம்பு கொதித்து, மூச்சு வாங்கி, வாரம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மத்தியானம் உமையாள் போன் செய்தார். "எப்சிபா, உடனே வர முடியுமா? உங்களுக்கு ஒண்ணும் இல்ல. பயப்படாதீங்க. ஒண்ணு காட்டணும்."

செல்வின் மாவுக் கையைக் கழுவிவிட்டு அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். இரண்டு பேரும் கண்ணைத் தவிர எல்லாவற்றையும் மூடியிருந்தார்கள்.

ஆய்வுக்கூடத்தில் உமையாளின் முகம் பல நாள் தூங்காதவர் முகமாக இருந்தது. உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"எல்லாரும் ஏன் திரும்பத் திரும்ப விழுறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேன். இந்த வைரஸ் வருஷா வருஷம் சட்டையை மாத்திக்கிட்டு வருது. நம்ம உடம்பு போன வருஷத்துச் சட்டையை நல்லா ஞாபகம் வச்சிருக்கு. இவன்தான் அவன்னு நினைச்சுப் பழைய செல்லுங்க முந்திக்கிட்டு ஓடிவந்து, பழைய சட்டைக்கான ஆன்டிபாடியைக் கொட்டுது. அது ஒட்டாது. புதுசாப் பார்த்துக் கத்துக்க வேண்டிய செல்லுங்களுக்கு வாய்ப்பே கிடைக்கிறதில்ல."

"அப்படின்னா ஞாபகம் இருக்கதுதான் கோளாறா?" என்றான் செல்வின்.

"இந்த ஒரு நோய்ல, ஆமா." உமையாள் எப்சிபாவைப் பார்த்தார். "அப்பதான் எனக்குத் தோணுச்சு. எந்த ஞாபகமும் இல்லாத ஒருத்தங்க ரத்தம் என்கிட்ட இருக்கேன்னு. உங்க பி செல்லுங்க இத்தனை வருஷத்துல ஒரு கிருமியோட முகத்தையும் மனசுல பதிச்சுக்கல. எதைக் காட்டினாலும் அதுக்கு முதல் தடவை. போன மாசம் எடுத்த ரத்தத்துல மிச்சம் இருந்துச்சு. அதுல இந்த வருஷத்து வைரஸைக் கலந்தேன்."

அவர் விளக்கை அணைத்துவிட்டுத் திரையை இயக்கினார்.

கறுப்புத் தண்ணீரில் மிதப்பதுபோல வெளிறிய சின்னச் சின்ன உருண்டைகள் தெரிந்தன. எண்ண முடியாத அளவு. வெறுமனே ஆடிக்கொண்டிருந்தன.

"எல்லாமே உங்களோடது" என்றார் உமையாள் மெதுவாக. "இப்ப அந்த ஓரத்தைப் பாருங்க."

ஓரத்தில் ஒன்று மட்டும் நடுங்கியது. பக்கத்தில் இருந்தவை எல்லாம் வைரஸைத் தொட்டும் தொடாமல் விலகிப் போக, அது மட்டும் அதைப் பிடித்துக்கொண்டது. பிடித்ததைத் தனக்குள் இழுத்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாகப் பிரிந்தது. இரண்டும் நான்காயிற்று. நான்கும் சேர்ந்து ஒரு கொத்தாக நின்றன.

"சில நாள்ல நடந்ததைச் சில நிமிஷமாச் சுருக்கியிருக்கேன். இதோ, இங்கதான் உங்க உடம்புல எப்பவும் நின்னுபோகும். உங்க உடம்பு குடுக்காத அந்தக் கடைசி சைகையை நான் கிண்ணத்துல ஒரு சொட்டு விட்டேன்."

கொத்தில் ஒரு செல் உப்ப ஆரம்பித்தது. அதன் உள்ளே மடிப்பு மடிப்பாக ஏதோ நிறைந்தது. நடுவில் இருந்த கரு ஒரு பக்கமாக ஒதுங்கி இடம் விட்டது. பிறகு அந்த செல்லின் விளிம்பிலிருந்து பச்சை வெளிச்சம் கசிந்தது. முதலில் மூடுபனிபோல. அப்புறம் நிற்காமல், நாலா பக்கமும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை முழுக்க அந்தப் பச்சை பரவியது.

"அந்தப் பச்சை என்னது?" என்றாள் எப்சிபா.

"ஆன்டிபாடி. ஒளிரும் சாயம் போட்டிருக்கேன். ஒரு செல், ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்குல கொட்டும். ஓய்வே எடுக்காது."

எப்சிபா திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பிறந்ததிலிருந்து தன் உடம்பை ஒரு சோம்பேறிப் பிள்ளையாகவே நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தவள் அவள். அந்த உடம்பிலிருந்து வந்த ஒரு துளி, கண்ணால் பார்க்கக்கூட முடியாத ஒரு துளி, தன் பலம் முழுவதையும் திரட்டி வெளியே வீசிக்கொண்டிருந்தது. கையை நீட்டித் திரையைத் தொட்டாள். பச்சை அவள் விரல்மேல் விழுந்தது.

"இது ஒட்டுமா, டாக்டரம்மா?"

"பசை மாதிரி ஒட்டுது" என்றார் உமையாள். "மூணு வருஷமா உலகத்துல யார் ரத்தத்துலயும் நான் பார்க்காதது."

அந்த எதிர்ப்பொருளின் வடிவத்தைப் படித்து, அதேபோலத் தொட்டிகளில் பெருக்கி மருந்தாக்க வேண்டியிருந்தது. அரசாங்கம் அதற்கான எல்லாக் கதவையும் திறந்துவிட்டது. மருந்து யாருடைய ரத்தத்திலிருந்து வந்தது என்பதை மட்டும் ரகசியமாக வைத்தார்கள். அந்த வருஷம் அது கைக்கு வந்து சேர்ந்தபோது மார்கழி பிறந்திருந்தது. செல்வின் அதற்கு முந்தின வாரம் விழுந்துவிட்டான்.

கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஆள் கூட்டம் அலைமோதிய கடையில் எவரிடமிருந்தோ வாங்கிக்கொண்டது. அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு எப்சிபாவை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் படுத்திருப்பதையும், நெஞ்சு துருத்திபோல ஏறி இறங்குவதையும் அவள் நின்று பார்த்தாள். அவன் ஒருமுறை தலையைத் திருப்பி, போ என்பதுபோலக் கையை ஆட்டினான். இங்கே நிற்காதே, உனக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அர்த்தம். அவள் போகவில்லை.

முதல் பெட்டி மருந்து வந்த அன்று, பதினோரு பேருக்குப் போட்டார்கள். செல்வின் அதில் ஒருவன். கையில் ஏறிய பையில் நிறமே இல்லை. தண்ணீர் மாதிரி இருந்தது. உமையாள் வெளியே வந்து எப்சிபாவின் பக்கத்தில் நின்றார்.

மறுநாள் காலை செல்வின் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான்.

கண்ணாடி வழியாகப் போனில் பேசினார்கள். "ஏ எப்சி, எனக்குள்ள இப்பம் நீதான் ஓடிட்டு இருக்க. நர்ஸுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்லா" என்றான். அவள் சிரிக்கப் போய் அழுதாள்.

பதினோரு பேரும் பிழைத்தார்கள். மாதம் முடிவதற்குள் வராந்தாவில் இருந்த பாய்களைச் சுருட்டிவிட்டார்கள்.

தை மாதம், பாலகுருசாமி என்ற சுகாதாரத் துறை அதிகாரி அவள் வீட்டுக்கு வந்தார். அமைதியான மனிதர். அவருடைய அக்காவை இரண்டாம் வருஷக் காய்ச்சல் கொண்டுபோயிருந்தது. காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினார்.

"உங்களுக்குச் சிகிச்சை தயாராயிடுச்சுன்னு உமையாள் மேடம் சொன்னாங்க."

உண்மைதான். எப்சிபாவின் செல்களைக் கொஞ்சம் வெளியே எடுத்து, அந்தக் கடைசிப் படியில் இருக்கும் பிழையைத் திருத்தி, திரும்ப உள்ளே விடும் சிகிச்சை. அதற்காகத்தான் அவள் எட்டு வருஷமாகக் காத்திருந்தாள். வரும் ஆனியில் செய்வதாக இருந்தது. அதன் பிறகு பை வேண்டாம். மூடிக்கொண்டு திரிய வேண்டாம். நுரையீரலில் ஏற்கெனவே விழுந்த வடுக்கள் மாறாது, ஆனால் புதிதாக விழாது.

"சிகிச்சை முடிஞ்சா உங்க செல்லுங்களும் எங்களோடது மாதிரி ஆயிடும்" என்றார் அவர். "முதல்ல பார்க்கிற முகத்தைப் பிடிச்சுக்கும். அப்புறம் அடுத்த வருஷத்து வேஷத்துக்கு அதுவும் ஏமாறும். நான் கட்டாயப்படுத்த வரலம்மா. ஒரே ஒரு வருஷம் தள்ளிப்போட முடியுமான்னு கேக்கத்தான் வந்தேன்."

செல்வின் வாயைத் திறக்கப் போனான். எப்சிபா அவன் முழங்கையைப் பிடித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏறி இறங்கிய அந்த நெஞ்சு அவள் கண்முன் நின்றது. எத்தனை வீட்டில் எத்தனை பேர் அப்படிக் கண்ணாடிக்கு வெளியே நின்றிருப்பார்கள்?

"ஒரு வருஷந்தான சார். தாரேன்" என்றாள்.

அடுத்த ஐப்பசியில் காய்ச்சல் புதுச் சட்டையோடு வந்தது. அவள் ரத்தத்தில் அதற்கும் ஒரு செல் இருந்தது. அது எப்போதோ பிறந்து, யாருக்கும் தெரியாமல், தனக்கான கிருமியின் முகத்துக்காகக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இந்த முறை ஆஸ்பத்திரி வராந்தாவில் பாயே விரிக்கவில்லை. அந்த அளவுக்கு மருந்து சீக்கிரம் வந்துவிட்டது.

மாதாந்திரப் பையை ஏற்றிக்கொள்ள வந்த ஒரு நாள், உமையாள் அவள் கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வேடிக்கை தெரியுமா? பழக்கதோஷத்துல இந்தப் பையிலேர்ந்து ஒரு துளியைச் சோதிச்சுப் பார்த்தேன். இதுல உங்களோட ஆன்டிபாடி இருக்கு."

"எனக்குத்தான் சுரக்காதே?"

"உங்க மருந்தைப் போட்டுக்கிட்டவங்க எத்தனையோ ஆயிரம் பேர் இருக்காங்க. மாசக்கணக்குல அவங்க ரத்தத்துல அது இருக்கும். அவங்கள்ல சில பேர் பிளாஸ்மா தானம் குடுத்திருக்காங்க. அது சேர்ந்து, சுத்தமாகி, பையில அடைச்சு, இப்ப உங்க கைக்கே வந்திருக்கு."

எப்சிபா குழாயில் இறங்கும் துளியைப் பார்த்தாள். அவள் உடம்பு ஒருபோதும் தானாகச் செய்யாத ஒன்று, முகம் தெரியாத எத்தனை பேருடைய உடம்புக்குள் எல்லாம் போய், அவர்களோடு பஸ்ஸில் ஏறி, வயலில் இறங்கி, தூங்கி எழுந்து, திரும்பி அவளிடம் வந்துகொண்டிருந்தது. உள்ளங்கையில் லேசாகக் குளிர்ந்தது.

அந்த நாள் கொடுத்த நிறைவுதான் பிறகு நடந்ததையெல்லாம் கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ள வைத்தது. இரண்டாம் முறையும் தள்ளிப்போடச் சொன்னார்கள். தள்ளிப்போட்டாள். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று மேலிடத்தில் பயம் பிடித்துக்கொண்டது. ஆய்வு மைய வளாகத்திலேயே காற்றை வடிகட்டி அனுப்பும் ஒரு வீட்டைக் கொடுத்தார்கள். வாசலில் காவலுக்கு ஆள் போட்டார்கள். கட்டுப்பாட்டு அறைக்குப் போகக் கூடாது என்றார்கள். தாமிரபரணியில் வெள்ளம் வந்த அன்று மதகை யாரோ ஒருவர் ஏற்றினார். எப்சிபா அதை டெலிவிஷனில் பார்த்தாள். செல்வின் மருந்துக் குளியல் போட்டுவிட்டு வந்துதான் அவளைத் தொட முடிந்தது. அவன் கொண்டுவரும் பன்னைக்கூட வாசலில் வாங்கிச் சூடுகாட்டி உள்ளே அனுப்பினார்கள்.

அத்தனை காபந்து செய்தும், அவள் நெஞ்சுக்குள் ஏற்கெனவே குடியிருந்த கிருமிகள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. ஒரு காலையில் இருமியபோது கைக்குட்டையில் ரத்தம் வந்தது.

உமையாள் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு நேராகச் சொன்னார். "இன்னும் ஒரு வருஷம் போனா, சிகிச்சை செஞ்சும் பெரிசாப் பிரயோஜனம் இருக்காது. நுரையீரல் மிச்சம் இருக்கணும்ல?"

பாலகுருசாமி அன்று சாயங்காலமே வந்தார். மூன்றாம் முறையாகக் கேட்பதற்கு அவருக்கே வெட்கமாக இருந்தது என்பது தெரிந்தது. செல்வின்தான் குரலை உயர்த்தினான்.

"ஒரு வருஷம்னிய. ரெண்டு வருஷம் ஆச்சு. அவ என்ன கெணறா சார்? எறைச்சிக்கிட்டே இருப்பியளா?"

"நான் என்ன செய்யட்டும் தம்பி? லட்சக்கணக்குல உசிர் இருக்கு. எங்க அக்கா மாதிரி..."

எப்சிபா இரண்டு பேரையும் கையமர்த்தினாள். "சார், இந்த நோய் எனக்கு மட்டுமா இருக்கு? வேற யாருக்கிட்டயாவது கேட்டுப் பாத்தியளா?"

"எப்படிம்மா கேக்கிறது? விஷயமே ரகசியம். வெளிய தெரிஞ்சா ஊரே உங்க வாசல்ல நிக்கும்."

"டாக்டரம்மா?"

உமையாள் தலையைக் குனிந்துகொண்டார். "இந்த நோய் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்ல. சிலருக்கு பி செல்லே கிடையாது. சிலருக்கு இருக்கும், கிருமியைக் கண்டுக்காது. உங்களை மாதிரி கடைசிப் படியில மட்டும் நிக்கிறவங்க கொஞ்சம் பேர்தான். ஆனா இருக்காங்க. சோதிச்சுப் பார்க்க எனக்கு அனுமதி குடுக்கல."

அவர்கள் போன பிறகு எப்சிபா போனை எடுத்தாள். மாதப் பை ஏற்றிக்கொள்பவர்களுக்கென்று ஒரு குழு இருந்தது. தமிழ்நாடு முழுக்க உள்ளவர்கள். மருந்து எங்கே கிடைக்கிறது, எந்த ஊசிக்குக் கை வீங்கவில்லை என்றெல்லாம் அதில் பேசிக்கொள்வார்கள். அவள் பேசிப் பதிவு செய்தாள்.

"நான் எப்சிபா, பாளையங்கோட்டை. எல்லாருக்கும் தெரியும்லா, காது வலி காது வலின்னு பொலம்பிக்கிட்டே இருப்பேனே, அந்த எப்சிபா. ஒரு விஷயம் சொல்லணும். சொல்லக் கூடாதுன்னிருக்காவ, ஆனாலும் சொல்லுதேன். வேஷக் காய்ச்சலுக்குப் போடுதாவளே மருந்து, அது என் ரத்தத்துல இருந்து வந்தது. நம்ம பி செல்லுக்கு ஞாபகம் இல்லைன்னு இத்தன காலம் அழுதோம்லா. அதுதான் இப்பம் உதவுது. ரெண்டு வருஷம் நான் குடுத்துட்டேன். இனி என் நெஞ்சு தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லுதாவ. நம்மள்ல இன்னும் சில பேருக்கு இது முடியுமாம். சோதிச்சாத்தான் தெரியும். நம்ம ஒவ்வொருத்தருக்குள்ளயும் மாசாமாசம் யார் யாரோ ஓடுதாவ. அந்த நெனப்புலதான் கேக்கேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. யாரும் தப்பா எடுக்க மாட்டோம்."

அனுப்பிவிட்டுப் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். செல்வின் அவள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு பதில் வந்தது. அதன்பின் நிற்கவில்லை.

முதலில் பேசியவர் ஆம்பூர் பர்வீன். கல்லூரியில் கணக்குப் பேராசிரியர். "எப்சிபா, எனக்கு உன் மாதிரிதான்னு எங்க டாக்டர் சொன்ன ஞாபகம். ஒரு வருஷம் நான் தர்றேன். ஒரே வருஷம்தான், சொல்லிட்டேன். அதுக்கு அடுத்த வருஷம் என் தம்பி கல்யாணம். மாஸ்க் போட்டுக்கிட்டு மூலையில உக்கார மாட்டேன்." திருவாரூரிலிருந்து கலியமூர்த்தி என்பவர் சொன்னார்: "எனக்கு பி செல்லே இல்லன்னுட்டாங்க தாயி. குடுக்க ஒண்ணும் இல்ல. அதனால யாருக்கு அடுத்து யாருங்கற முறையை நான் பார்த்துக்கறேன். எந்த அதிகாரி வந்து கேட்டாலும் என்கிட்டப் பேசச் சொல்லுங்க."

பாலகுருசாமிக்கு முதலில் கோபம் வந்தது. மறுநாள் அவரே உமையாளைக் கூப்பிட்டு, சோதனைக்கு அனுமதி வாங்கிவிட்டதாகச் சொன்னார். ஏழு பேர் தேறினார்கள்; முதல் முறை பர்வீனுடையது. ஒருவர் ஒரு வருஷம், அது முடிந்ததும் அரசாங்கச் செலவில் அவருக்குச் சிகிச்சை என்று முடிவாயிற்று. ஊர் கூடி வாசலில் நிற்கும் என்று பயந்தார்களே, அப்படி எதுவும் நடக்கவில்லை. பேர்களை அந்தக் குழு தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டது.

எப்சிபாவின் சிகிச்சை ஆனியில் நடந்தது. திருத்திய செல்கள் ஒரு சின்னக் குப்பியில் வந்து, வந்த சுவடு தெரியாமல் உள்ளே போயின. உமையாள் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்: "சில வாரம் யாரையும் பக்கத்துல விடாதீங்க. முதல் தடுப்பூசியை நான் நேரம் பார்த்துப் போடுவேன். உங்க செல்லுங்க முதன்முதலாப் பார்க்கிற முகம் உருப்படியான முகமா இருக்கணும்."

சொன்னபடிதான் இருந்தார்கள். ஆனால் வளாகத்தை விட்டு அவர்கள் சொந்த வீட்டுக்குத் திரும்பிய அன்று, ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு தன் அடுப்படியில் அவள் நிற்பதைப் பார்த்ததும், செல்வினுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. குளிக்காமல், வாயைக் கட்டாமல் வந்து அவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டான். இரண்டு நாள் கழித்து அவனுக்கு மூக்கு ஒழுகியது. அதற்கு அடுத்த நாள் அவளுக்கு.

பயந்துபோய் மையத்துக்கு ஓடினார்கள். எப்சிபாவுக்குத் தொண்டை வலித்தது. கழுத்தின் இரு பக்கமும் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி புடைத்திருந்தது. அவளுக்கு இதுவரை அப்படி வீங்கினதே இல்லை. செல்வின் முகம் செத்துப்போயிருந்தது.

உமையாள் அந்தப் புடைப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். ரத்தம் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெளியே வந்தபோது நடையே மாறியிருந்தது.

"வெறும் சளிதான். வேஷக் காய்ச்சலோட தூரத்து உறவு, ஒரு பழைய சாது வைரஸ். ஊர்ல பாதிப் பேருக்கு வந்து போற சளி." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எப்சிபா, உங்க செல்லுங்க அதை அடையாளம் கண்டுக்கிச்சு. பெருகிடுச்சு. இந்தப் புடைப்புக்குள்ளதான் அது நடந்திருக்கு. கடைசிப் படியையும் தாண்டிடுச்சு."

"அப்பம்..."

"சுரக்குது. நீங்க பேசிக்கிட்டு இருக்கிற இந்த நிமிஷமும் கொட்டிக்கிட்டுத்தான் இருக்கு."

எப்சிபா கழுத்தில் கையை வைத்தாள். வலித்தது. அந்த வலியை அவள் அழுத்திப் பார்த்தாள். உள்ளே சத்தமில்லாமல், யாரும் சொட்டு விடாமல், யாரும் விளக்கை அணைத்துக் காட்டாமல், அன்று திரையில் கண்ட அந்தப் பச்சை தன் ரத்தமெங்கும் பரவிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டாள். மூச்சை இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கோயிலில் மணி நின்ற பிறகும் காது கேட்டுக்கொண்டே இருக்குமே, அப்படி இருந்தது அவள் முகம்.

"நான் கெடுத்துட்டேனா, டாக்டரம்மா?" என்றான் செல்வின். "முதல் முகம் நல்ல முகமா இருக்கணும்னு சொன்னியளே."

"ஆமா. இனி ஆயுசுக்கும் உங்க சளியோட முகத்தைத்தான் அவங்க செல்லுங்க முதல்ல தேடும்" என்றார் உமையாள். "அடுத்த வேஷம் வர்றப்ப எல்லாரையும் மாதிரி ஏமாறும். மருந்து வேண்டியிருக்கும்."

எப்சிபா தும்மினாள். தும்மிவிட்டுச் சிரித்தாள்.

ஐப்பசி பிறந்தது. வேலைக்குத் திரும்பியிருந்த எப்சிபா, மழைக்கு முன்னால் மதகுகளைச் சரிபார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் மாநகராட்சி மருந்தகத்துக்குப் போனாள். முன்கூட்டியே ஊசி போட்டுக்கொள்ள வந்த கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. அவளும் வரிசையில் நின்றாள். முன்னால் நின்ற பூக்கடைப் பெண் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு திரும்பினாள்.

"இந்த மருந்து மனுசங்க ரத்தத்துல இருந்து எடுக்காங்களாமேக்கா? யாரோ ஒரு மகராசியாம். சாமி பிறவின்னு பேசிக்கிடுதாவ."

"சாமியெல்லாம் இல்ல" என்றாள் எப்சிபா. "கணக்கு டீச்சரு. தம்பிக்கு வர்ற வருஷம் கல்யாணம் வச்சிருக்காவ."

பூக்கடைப் பெண் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். வரிசை நகர்ந்தது.